ஐந்தாம் துளை என்னுடையதன்று

நீர் நிறைக, நெறி நிற்க.

வெண்கோட்டு நாட்டின் எட்டுக் கூற்றங்களுக்கும் குடைநிழல் தருபவரும், வடபுலத்துப் பாசறையில் எழுந்தருளியிருப்பவருமாகிய மாதேவி எழிற்கொற்றியார் திருவடிகளுக்கு, அலைமுடிப் பட்டினத்து அறங்கூறவையின் தலைமையில் தங்கள் அருளால் ஒன்பது ஆண்டுகள் அமர்ந்திருந்த தாழையூர் மாறன் மகள் நங்கைபூதி பணிந்து எழுதும் ஓலை. பாசறையில் தங்கள் திருமேனி நலம் சிறக்க. தங்களுடன் நிற்கும் வீரர்க்கு உணவும் உறக்கமும் குறையாதிருக்க. குதிரைகளின் குளம்பில் ஈரம் புகாதிருக்க.

அமர்ந்திருந்த என்று எழுதியது கைப்பிழையன்று. அதன் காரணத்தைச் சொல்லவே இவ்வோலை. நேற்று முதல் மூன்று முறை எழுதத் தொடங்கி மூன்று ஓலைகளைக் கிழித்தேன். இந்த நான்காவதிலும் சில வரிகளைக் கீறி அடித்திருக்கிறேன். அடித்தவற்றைச் சுரண்டி அழிக்கவில்லை. நான் எங்கெங்கே தடுமாறினேன் என்பதும் தங்கள் கண்ணுக்குப் பட வேண்டும்.

தாங்கள் அறிந்த வழக்கத்தையே முதலில் எழுதுவதற்குப் பொறுத்தருள்க. இவ்வோலை அவையில் வாசிக்கப்படுமாயின், கேட்கும் எல்லோர்க்கும் விளங்க வேண்டும். ஆற்றில் புதுவெள்ளம் இறங்கிய மறுநாள், நம் நாட்டில் பதவியுடையோர் ஒவ்வொருவரும், பதவி ஏற்கும் ஆண்டில் ஒருமுறை, தனியறையில் அமர்ந்து ஒரு வெற்றோலையில் தம் அறிவைத் தாமே அளந்து துளையிடுகிறோம். சொல்லறிவு, எண்ணறிவு, திசையறிவு, கையறிவு, ஓசையறிவு, பிறர் நெஞ்சறிவு, தன் நெஞ்சறிவு என ஏழு வரிகள். வரிக்கு ஐந்து துளை வரை. அளப்பவரும் அளக்கப்படுபவரும் ஒருவரே ஆதலின் எவரும் திருத்துவதில்லை. அத்துளைகளைப் பார்த்தே ஓலைப் பண்டாரத்தார் இன்னாருக்கு இன்ன வேலை என்று வகுக்கிறார்கள். பிறர் நெஞ்சறிவில் ஐந்து துளை உடையவர் வழக்கில் ஒருவனைப் பொய்யன் என்றால், அதற்கு இரண்டாம் சாட்சி வேண்டியதில்லை. நான்கு துளை உடையவர்க்கு வேண்டும்; அவர் அவைத்தலைமையில் அமரவும் இயலாது. இது எழுதப்பட்ட சட்டம்.

எழுதப்படாத ஒன்றும் உண்டு. தன் அறிவைத் தானே முழுமை என்று சொல்வது அவைக்கு அழகன்று என்று கருதி, உயர்ந்தவையாகத் தாம் எண்ணும் வரிகளில் எல்லோரும் ஒரு துளையைக் குறைத்தே இடுகிறார்கள். பண்டாரத்தாரும் அந்தப் பணிவை அறிந்து, ஒரு துளையைக் கூட்டியே வாசிக்கிறார்கள். குறைப்பவர் குறைக்க, கூட்டுபவர் கூட்ட, கணக்கு நேராகிவிடும் என்பது நம்பிக்கை.

ஒன்பது ஆண்டுகளுக்கு முன் அந்தத் தனியறையில், பிறர் நெஞ்சறிவின் வரியில் நான் நான்கு துளையிட்டேன். பணிவினால் அன்று. நான்கு என்றே எண்ணினேன். மனிதர் முகத்தை ஓரளவு படிக்கத் தெரியும், ஆனால் தவறுவதும் உண்டு என்று என்னைப் பற்றி அன்று நேர்மையாகவே அறிந்திருந்தேன். அது ஐந்தாக வாசிக்கப்படும் என்பதையும் அறிந்திருந்தேன். எழுத்தாணியைக் கீழே வைத்தபோது இரண்டும் ஒருங்கே நெஞ்சில் இருந்தன: நான் பொய் சொல்லவில்லை என்ற நிறைவு, பொய்யினால் வரும் பயன் எனக்கு வந்து சேரும் என்ற மகிழ்ச்சி. மூன்று துளையிட்டிருந்தால் நான்காக வாசித்திருப்பார்கள். மூன்றிட என் கை இசையவில்லை. ஏனென்றால், மூன்று என்பது உண்மையன்று அல்லவா என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். மாதேவி, உண்மையின் மேல் எனக்கு அவ்வளவு பற்று இருந்த நாள் வேறொன்று நினைவில்லை.

இனி வேட்டன் வழக்கு.

நெடுங்கரை ஏரியின் மதகுக் காவலன் வேட்டன், சென்ற மழையின் மூன்றாம் நாள் நண்பகலில், எவர் ஆணையுமின்றி மதகின் இரு கதவுகளையும் முழுதும் திறந்துவிட்டான். கீழே இருந்த புதுவயல் என்னும் சிற்றூர் மூழ்கியது. கதிர் முற்றிய வயல்கள் அழிந்தன. மாடு மேய்க்கச் சென்ற இருவர் மாண்டனர். ஏரி மீனைப் பங்கிடுவதில் வேட்டனுக்கும் புதுவயலாருக்கும் முன்பே பகை இருந்தது. அவன் பழி தீர்த்தான் என்று ஊரார் முறையிட்டனர். கரை உடையவிருந்தது, உடைந்திருந்தால் புதுவயலோடு கீழுள்ள மூன்று ஊர்களும் போயிருக்கும், ஆதலால் திறந்தேன் என்று அவன் விடை சொன்னான். கரையைப் பார்வையிடச் சென்றவர்கள் ஒரு வெடிப்பும் காணாமல் திரும்பினர். நீர் இறங்கிய பின் கரை அமைதியாகத்தானே நிற்கும் என்பது அன்று எங்களில் ஒருவருக்கும் தோன்றவில்லை.

கரை உடையும் என்பதை எவ்வாறு அறிந்தாய் என்று கேட்டேன். மதகிலிருந்து தெற்கே நாற்பதடியில் கரையின் வயிற்றுக்குள் பொந்து விழுந்திருக்கிறது, நடக்கையில் அந்த இடம் மட்டும் வேறு விதமாய் ஒலித்தது என்றான். நான் கேட்டது அறிந்த விதம். என் மனத்தில் பதிந்தது அவன் சொன்ன இடம் மட்டுமே. பொய் சொல்பவனே இடத்தை இத்தனை துல்லியமாகச் சொல்வான் என்று அவைக் குறிப்பில் எழுதச் சொன்னேன். பின், பகையினால் திறந்தான் என்று என் தீர்ப்பை நான் சொல்லிக்கொண்டிருக்கையில் அவன் என் முகத்தைப் பார்த்துச் சிரித்தான். இருவர் இறந்த வழக்கில் சிரிக்கிறவன் நெஞ்சில் ஈரமில்லை என்று முடிவு செய்தேன். இரண்டாம் சாட்சி கேட்கப்படவில்லை. அமாவாசை நீரேற்றத்தில் புறப்படும் கலத்தில் அவனை உவர்த்தீவுக்கு அனுப்புக என்று ஆணையிட்டேன். அத்தீவுக்குச் சென்று எவரும் மீண்டதில்லை. இவ்வோலையை எழுதும் இன்றைக்கு நான்காம் நாள் அமாவாசை.

தீர்ப்புக்கு மறுநாள் காலையில் நடந்ததை எழுத நாணுகிறேன். அதை விட்டு எழுதினால் ஓலை நேராகாது.

என் வீட்டில் சமையல் செய்பவள் மாசி. பதினோரு ஆண்டுகளாக என்னுடன் இருப்பவள். நான் அழைத்தால் சில வேளை திரும்ப மாட்டாள். சில வேளை தலையை ஒரு பக்கம் சாய்த்து, என்ன வேண்டும் என்பது போல் ஓரக்கண்ணால் நோக்குவாள். கைத்திறம் உள்ளவளுக்குச் செருக்கும் இருக்கும் என்று அதைப் பொறுத்து வந்தேன். பொறுக்கிறேன் என்பதில் எனக்கு ஒரு பெருமையும் இருந்தது. அன்று அவள் முற்றத்தில் மீன் செதிள் சுரண்டிக்கொண்டிருந்தாள். இருமுறை அழைத்தும் திரும்பவில்லை. வேட்டனுக்கு நான் அளித்த தண்டனை அவளுக்குப் பிடிக்கவில்லை, அதனால்தான் இந்த வீம்பு என்று படித்துக்கொண்டு, அவள் முன்னால் போய் நின்று அதைச் சொல்லவும் செய்தேன். அவள் மீனைக் கீழே வைத்தாள். அவள் சொன்னதை அவள் நாவில் வந்தவாறே எழுதுகிறேன். அவைமொழிக்கு மாற்றினால் அது மீண்டும் என் சொல்லாகிவிடும்.

“நாச்சியாரே, கோவமும் இல்ல, வீம்பும் இல்ல. எனக்கு இந்தப் பக்கத்துக் காது கேக்காது. பொறந்ததுலேருந்தே கேக்காது. மனுசர் நெஞ்சுக்குள்ள இருக்கறதெல்லாம் உங்களுக்குத் தெரியும்னு ஊரே சொல்லுது. நெஞ்சு கெடக்கட்டும். தலைக்கு வெளியில ஒட்டிட்டிருக்கற காது தெரியலையே.”

பிறகு மீனை எடுத்துக்கொண்டாள். குழம்பா வறுவலா என்று கேட்டாள். இரண்டும் செய்து வைத்தாள்.

அன்று முழுதும் வீட்டுக்குள் நடந்துகொண்டே இருந்தேன். ஒரு செவிட்டுக் காதைப் பதினோரு ஆண்டுகள் செருக்கு என்று படித்தவள், ஒரு சிரிப்பை என்னவென்று படித்திருப்பாள்? ஒன்பது ஆண்டுகளில் என் சொல் ஒன்றையே சாட்சியாகக் கொண்டு முடிந்த வழக்குகளை நினைவுக்குக் கொணர முயன்றேன். முகங்கள் வந்தன. ஒவ்வொரு முகத்தின் மேலும் நான் எழுதிய சொல் ஒட்டியிருந்தது: கள்ளன், அஞ்சாதவன், ஒளிப்பவள். சொல்லை உரித்துவிட்டு முகத்தை மட்டும் காண முடியவில்லை. சொல்லறிவில் எனக்கு ஐந்து துளை, மாதேவி; அதில் ஐயமில்லை. ஒரு முகத்துக்கு ஏற்ற சொல் என் நாவில் விரைந்து வந்துவிடும். வந்த விரைவையே அறிவு என்று கொண்டேன்.

மாலை சாய்வதற்கு முன் கோட்டைச் சிறைக்குச் சென்றேன். என் வீட்டிலிருந்து கோட்டைக்கு முந்நூறு அடிதான்; என் திசையறிவு இரண்டு துளை ஆதலின் இருமுறை வழி கேட்டேன். வேட்டன் எழுந்து நின்றான். ஐம்பதை நெருங்கியவன், கால் விரல்கள் அகன்றவன். எதற்காக வந்தேன் என்பதை அவனுக்குச் சொல்லும் துணிவின்றி, அவையில் ஏன் சிரித்தாய் என்று மட்டும் கேட்டேன்.

“சிரிச்சது மெய்தான் தாயே. நீங்க ஒண்ணைத் தெரிஞ்சு சொல்றப்ப உங்க கை சும்மா கெடக்கு. தெரியாமச் சொல்றப்ப மோதிரம் பலகையில தட்டுது. பகையால தொறந்தான்னு சொன்னீங்களே, அப்ப விடாமத் தட்டுச்சு. கரையும் உடையறதுக்கு முன்னாடி இப்பிடித்தான் சத்தம் குடுக்கும். அதை நெனச்சேன். சிரிப்பு வந்துருச்சு.”

இறந்த இருவரைப் பற்றி நான் கேட்கவில்லை, அவனே சொன்னான். அவர்களில் ஒருவன் தன்னோடு மீன் சண்டை போட்டவன்தான் என்றும், கதவைத் திறக்குமுன் கொம்பூதி எச்சரித்ததாகவும், காற்று எதிர்த்து வீசியதால் ஓசை அந்தப் பக்கம் போகாது என்று ஊதும்போதே தனக்குத் தெரிந்ததாகவும், தெரிந்தே திறந்ததாகவும் சொன்னான். அதைச் சொல்லும்போது அவன் முகம் எப்படி இருந்தது என்று எழுத எழுத்தாணி தானே முந்துகிறது. எழுத மாட்டேன்.

ஓசையறிவில் எனக்கு ஒரே துளை. பாணர் பாடி முடித்துவிட்டார்கள் என்பதை அருகிலிருப்பவர் கை தட்டுவதைப் பார்த்தே அறிபவள் நான். அந்த வரியில் ஐந்து துளை பெறத்தக்க ஒருவன், துளையிட ஓலையே பெறாத குடியில் பிறந்தவன், என் முன் நின்று தன் அறிவால் அறிந்ததைச் சொன்னான். நானோ எனக்கிருந்த அறிவைக் கொண்டு, அதுவும் இல்லாததைக் கூட்டிக்கொண்டு, அவனை அளந்தேன். அவன் என் நெஞ்சை என் மோதிரத்தின் ஓசையிலிருந்து சரியாகப் படித்தான். நான் நிச்சயமில்லாமல் பேசினேன் என்பது எனக்கே அன்று தெரியாது.

ஆயினும் மாதேவி, இவ்விடத்தில் தாங்கள் என்னைத் தவறாகக் கொள்ளலாகாது. வேட்டன் குற்றமற்றவன் என்று நான் சொல்லவில்லை. அவன் என் மோதிரத்தைக் கேட்டது உண்மை. அதனால் கரையையும் கேட்டான் என்று ஆகாது. கூரிய செவியும் பழைய பகையும் ஒருவனிடமே இருக்கலாம். அவன் சொன்னது என் நெஞ்சைத் தைத்தது என்பதற்காக அதை நம்பிவிடுவேனாயின், முன்பு செய்த பிழையையே மறுபக்கம் திரும்பிச் செய்தவளாவேன். ஐயமே இப்போது என்னிடம் இருப்பது. அதை எங்கே வைப்பது என்று அறியாமல் எழுந்தும் அமர்ந்தும் இவ்வரிகளை எழுதுகிறேன்.

ஓலைப் பண்டாரத்தின் மூத்த கணக்கரிடம் சென்று, ஐந்தாம் துளை என்னுடையதன்று என்று பதிந்துகொள்ளச் சொன்னேன். அவர் நல்லவர். கதவைச் சாத்திவிட்டு எனக்கு வழி சொன்னார். வேட்டனின் நெஞ்சை மீண்டும் நோக்கினேன், மெய்யன் எனக் கண்டேன் என்று ஒரு வரி எழுதினால் போதும். ஐந்து துளையின் சொல் மாறலாம், ஏன் மாறியது என்று எவரும் கேளார். அவன் பிழைப்பான், பதவியும் நிலைக்கும் என்றார். துளை நான்கு என்று நானே எழுதிக் கொடுத்தால் தீர்ப்பை நிறுத்தும் உரிமையும் அக்கணமே போய்விடும். அப்போது கலம் புறப்படுவதை எவர் தடுப்பார் என்றும் கேட்டார். ஒருவனைத் தண்டித்த பொய்யளவே அவனைக் காக்கவும் வேண்டியிருந்தது.

எழுதத் தொடங்கினேன். நோக்கினேன் என்பது வரை எழுதினேன். ஓர் உயிரைக் காப்பாற்றத்தானே, எழுதிவிடு என்றது நெஞ்சு. அவ்வரியை எழுதினால் நாளை மற்றொருவன் வருவான், அவன் நெஞ்சையும் நீ காண்பாய் என்றது அதே நெஞ்சு. உன் நேர்மை மாசுபடாதிருக்க அவன் தீவுக்குப் போக வேண்டுமா என்றும் கேட்டது. இம்மூன்றில் எது என் குரல், எது என் அச்சம், எது என் பெருமை? ஏழாம் வரியில், தன் நெஞ்சறிவில், எனக்கு மூன்று துளை என்று ஒன்பது ஆண்டுகளாகப் பதிந்திருக்கிறது. ஒரு துளைக்கும் ஆதாரமில்லை.

இறுதியில் ஒரு வழியைக் காட்டியது அறிவன்று, பழைய சட்டம். தண்டனை பெற்றவனுக்கு ஈடாக எவரும் நிற்கலாம். ஈடு நிற்பவர் சிறைக்குள் இருக்க, அவன் வெளியே இருக்கலாம். நாடாள்பவரின், இப்போது தங்களின், மறுமொழி வரும் வரை தண்டனை நிறுத்தப்படும். மறுமொழி வரும் நாளில் அவன் வந்து நிற்கவில்லையாயின் ஈடு நின்றவரே தண்டனையை ஏற்க வேண்டும். தாய்மாரும் உடன்பிறந்தாருமே இதுவரை இவ்வாறு நின்றிருக்கிறார்கள். நிற்பதற்குப் பதவி வேண்டியதில்லை; துளையும் வேண்டியதில்லை; ஓர் உடல் இருந்தால் போதும். அதை அளக்கக் கணக்கர் தேவைப்படவில்லை.

ஆதலால், ஐந்தாம் துளையை நீக்கி எழுதிக் கொடுத்துவிட்டு, இன்று காலை முதல் கோட்டைச் சிறையின் ஈட்டறையில் இருக்கிறேன். இது தெற்கு நோக்கிய அறை. உப்புக் காற்று ஓலையைப் புரட்டுகிறது. ஒரு கையால் பிடித்துக்கொண்டு எழுதுவதால் எழுத்து சாய்ந்திருக்கும். மாசி சோறு கொண்டுவந்தாள். அவளுடைய கேட்கும் காதின் பக்கம் நின்று நன்றி சொன்னேன். இத்தனை உரக்கச் சொல்ல வேண்டியதில்லை என்றாள்.

இனி வேண்டுகோள். ஏரிக்கரையை வெட்டத் தங்கள் ஆணையின்றி எவருக்கும் உரிமையில்லை. மதகிலிருந்து தெற்கே நாற்பதடியில், கரையின் வெளிப்புறத்தில் குழி தோண்டி, உள்ளே பொந்து உண்டா இல்லையா என்று பார்க்க ஆணையிட்டருள்க. தோண்டுவோர் கிணறு வெட்டும் தொழிலினராக இருக்கட்டும். முகம் படிப்போர் எவரும் உடன் செல்ல வேண்டா. புதுவயலாரும் உடன் நிற்கட்டும். இறந்தவர்கள் அவர்களைச் சேர்ந்தவர்கள். மண் சொல்வதை அவர்களும் தம் கண்ணால் காண வேண்டும். பொந்து இல்லையாயின் தீர்ப்பு நிற்கட்டும். மழை மீண்டும் கூடிவருகிறது. காலம் தாழ்ந்தால் குழி தோண்டும் வேலையைத் தண்ணீரே செய்துவிடும்.

ஒன்பது ஆண்டுகளில் இரண்டாம் சாட்சியின்றி நான் முடித்த வழக்குகள் நாற்பத்தொன்று. அவற்றின் ஓலைகளைக் கட்டித் தனியே வைத்திருக்கிறேன். அவற்றை மீண்டும் கேட்க வேறொருவரை அமர்த்துக. அவர் எத்தனை துளை உடையவர் என்று பாராமல், இரண்டாம் சாட்சி கேட்பவரா என்று பார்த்து அமர்த்துக.

சொல்லத் துணியாத ஒன்றும் உளது. இதை இருமுறை கீறினேன். மூன்றாம் முறை நிற்கிறது. பதவியுடையோர் ஓலைக்கு ஒரு துளை கூட்டி வாசிக்கும் பண்டாரம், அரசர் ஓலைக்கு எத்தனை கூட்டுகிறது என்பதைத் தாங்கள் கேட்டறிந்ததுண்டா? வடபுலத்தார் பணிவார்கள் என்று தாங்கள் அவர்கள் தூதுவனின் முகத்தில் படித்ததாக அவையில் அருளிச்செய்தீர்கள். அன்று தலையசைத்தவர்களுள் நானும் ஒருத்தி. போர் தொடங்குமுன் இரண்டாம் சாட்சி ஒன்றைக் கேட்டருள வேண்டும். இதற்காக என்னைத் தண்டிப்பதாயின், இருக்கும் இடம் தங்களுக்குத் தெரியும்.

ஆணையிடும் உரிமை இழந்தவள் இட்ட ஆணைகள் இவை. தங்கள் ஒப்பம் பின்னர் வந்து இவற்றை நிலைநிறுத்துக. துறைக்காவலர் அமாவாசைக் கலத்தை வேட்டனின்றிச் செலுத்துக. சிறைக்காவலர் ஈட்டறைக் கதவைப் பிற கதவுகளைப் போலவே பூட்டுக. ஓலை கொண்டு செல்வோன் வழியில் எங்கும் தங்காது நான்கு நாளில் பாசறை சேர்க. அவைத்தலைமையின் இலச்சினை இதன் அடியில் ஒருமுறை பொறிக்கப்பட்டு, இவ்வோலையோடு தங்களிடமே திரும்புகிறது.

கோல் கோணாது நிற்க. குடி குறையாது வாழ்க.

அலைமுடிப் பட்டினத்துக் கோட்டைச் சிறையில், தேய்பிறை பதினொன்றாம் நாள், நங்கைபூதி எழுதியது.

முடித்து முடிச்சிட்ட பின் மீண்டும் அவிழ்த்து இதைச் சேர்க்கிறேன். வேட்டனை வெளியே விட்டபோது நான் இந்த அறை வாயிலில் நின்றேன். அவன் ஏரி இருக்கும் வடக்கு வாயிலுக்கும் போகலாம். எல்லை கடக்கும் மேற்கு வாயிலுக்கும் போகலாம். எந்தப் பக்கம் போவேன் என்று அவன் சொல்லவில்லை, நானும் கேட்கவில்லை. ஒரு கணம் நின்று என்னைத் திரும்பிப் பார்த்தான். நான் கண்களைத் தாழ்த்திக்கொண்டேன்.